கச்சத்தீவு இருக்கட்டும், அடுத்த கூட்டம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கச்சத்தீவு மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் தமிழக வெற்றிக் கழகத்தின் மதுரை மாநாட்டில் விஜய், தீவை மீட்டுத் தரவேண்டும் என்று பிரதமரைக் கேட்டார். இலங்கை வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத், இதெல்லாம் தேர்தல் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார். செப்டம்பர் 1-ஆம் தேதி இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க நேரே கச்சத்தீவிலேயே போய் இறங்கினார். இதற்கு முன்பு எந்த அதிபரும் அங்கே போனதில்லையாம். சட்டமன்றத் தேர்தல் 2026-ல்தான். அதற்குள் இவ்வளவு.

நான் காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவள். எங்கள் லாஞ்சுகள் கச்சத்தீவுப் பக்கம் போவதில்லை. வடக்கே ஆந்திரக் கரையை ஒட்டிப் போவார்கள்; வம்பு வந்தாலும் நெல்லூர் பக்கத்துக்காரர்களோடுதான் வரும். ஆனாலும் ராயபுரம், திருவொற்றியூர் தெருமுனைக் கூட்டங்களில் கச்சத்தீவு இல்லாமல் பேச்சு முடியாது. தேர்தலும் பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியே வருகிறது. 2024-ல் ஏப்ரல் 15-ஆம் தேதி தடை தொடங்கியது, 19-ஆம் தேதி ஓட்டு. 2019-ல் 18-ஆம் தேதி. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது மைக் வைத்தால் கூட்டத்துக்குக் குறைவா?

2024-ல் நடந்ததை எல்லோரும் மறந்திருப்பார்கள், அதனால் சொல்கிறேன். மார்ச் 31-ஆம் தேதி, காங்கிரஸ் அரசு கச்சத்தீவை அலட்சியமாகக் கொடுத்துவிட்டது என்று பிரதமர் சமூக வலைதளத்தில் எழுதினார். மறுநாளே வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்கள் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் போயின என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பதிலில், கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்து எல்லை வகுத்த 1974 ஒப்பந்தத்தில் இந்திய நிலம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அந்தப் பகுதிக்கு எல்லையே வகுக்கப்பட்டிருக்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி, தீவைத் திரும்ப வாங்க வேண்டுமானால் போருக்குத்தான் போகவேண்டும் என்றார். 2024 தேர்தலில் தமிழ்நாட்டில் 39 தொகுதியும் திமுக கூட்டணிக்குப் போயின. ஜூன் 9-ஆம் தேதி பிரதமரின் பதவியேற்புக்கு அன்றைய இலங்கை அதிபர் ரணில் விக்ரமசிங்க விருந்தாளியாக வந்தார். ஜூன் 20-ஆம் தேதி ஜெய்சங்கர் கொழும்பு போனார். அங்கே தீவைத் திருப்பிக் கேட்டார் என்று எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. கேட்க முடியாது என்பது அவருக்கு மார்ச்சிலேயே தெரியாமலா இருந்திருக்கும்?

ஒரு கட்சி மட்டும் செய்கிற வேலை இல்லை இது. 2012-லும் 2013-லும் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு மன்மோகன் சிங் அரசு ஆதரவாக வாக்களித்தது. 2013 மார்ச்சில், தீர்மானத்தை இன்னும் கடுமையாக்கவில்லை என்று திமுக கூட்டணியை விட்டே வெளியேறியது. அந்த நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் போகாமல் வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பினார். அப்புறம் 2014 மார்ச் 27-ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், அதே அரசு வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. தீர்மானத்தின் வாசகம்தான் காரணம் என்றார்கள். காப்பாற்ற வேண்டிய கூட்டணி இங்கே இல்லை என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக, வெளியுறவை ஓட்டு அரசியலிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு தில்லி அதிகாரிகளிடம் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி விட்ட காலத்தில்தான் நமக்குப் பெரிய அடி விழுந்தது. 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்களும் பக்தர்களும் கச்சத்தீவுக்குப் போய்வரும் உரிமையாவது இருந்தது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டது 1976 மார்ச்சில். அப்போது நெருக்கடிநிலை. ஜனவரி 31-ஆம் தேதியே திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி. சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஒரு எம்.எல்.ஏ.கூட இல்லை. (கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் என்ற வளமான மீன்பிடி மேடு அதே மாதம்தான் நமக்கு உறுதியானது. அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.) ஓட்டு கேட்கும்போது பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள். ஓட்டு வாங்கின பிறகு ஏன் ஒருவரும் அதைத் தொடுவதில்லை என்பதே என் கேள்வி.

2016 நவம்பரில் தில்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் உட்கார்ந்து, மீனவர் பிரச்சினைக்கு ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைச்சர்கள் சந்திப்பார்கள் என்று முடிவானது. அந்தக் கணக்குப்படி 2024 அக்டோபருக்குள் முப்பது கூட்டமாவது நடந்திருக்க வேண்டும். அந்த அக்டோபர் 29-ஆம் தேதி கொழும்பில் நடந்தது ஆறாவது கூட்டம். கொரோனா காலத்தைக் கழித்துவிட்டாலும் இந்தக் கணக்கு எந்த ஏலக் கூடத்திலும் செல்லாது. மறுபடி எப்போது கூடுவார்கள் என்று இங்கே சங்கத்துக்காரர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஆழ்கடல் படகுத் திட்டமும் அப்படித்தான். 2017-ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக மூன்று ஆண்டில் 2,000 படகு என்றார்கள். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம். எட்டு வருஷம் ஆகியும் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

என் தங்கையைப் பாம்பனில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். போன மாதம் வந்திருந்தபோது கச்சத்தீவு பற்றிக் கேட்டேன். “தீவு கைக்கு வந்தா மட்டும் என்ன மதினி? மீன் அதைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம்ல கிடக்கு” என்றார். அந்தப் பக்கம் வலை போடுகிறவர்கள் யார்? யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழர்கள். போர்க்காலம் முழுக்கக் கடலில் இறங்க முடியாமல் கிடந்து, 2009-க்குப் பிறகு சிறிய படகுகளோடு மறுபடி தொழிலைத் தொடங்கியவர்கள். அவர்கள் வலையை நம் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் பெரிய வலை) அறுத்துக்கொண்டு போகிறது என்பது அவர்களின் பல வருஷப் புகார். 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியையே தடை செய்துவிட்டது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்றைய தமிழ் எம்.பி. சுமந்திரன். ஈழத் தமிழருக்காகக் கண்ணீர் விடும் மேடையிலேயே இதையும் பேசினால் ராமநாதபுரத்தில் சில ஓட்டு குறையும். அதனால் பேசமாட்டார்கள். சிங்களத் தலைவர்களுக்கும் இது வசதியாகப் போய்விட்டது; வடக்குத் தமிழர்களுக்குக் காவலன் என்று காட்டிக்கொள்ள நம் மேடைப் பேச்சு அவர்களுக்கு உதவுகிறது.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். தேர்தல் பிரசாரத்தில் யார் கச்சத்தீவு என்று பேசினாலும், பேச்சை வெளியிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உங்கள் நிருபர் அவரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: பணிக்குழு கடைசியாக எப்போது கூடியது, அடுத்தது எப்போது? பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று அதே செய்தியில் போடுங்கள். குழு கூடினால் உள்பக்கத்தில் நாலு வரியாக இல்லாமல் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டால் அரசு எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும். அதனால் எங்கள் வடசென்னை எம்.பி.க்கும் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை.