டக்டுக்குள் விழுந்த வெளிச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எந்த வழியாகப் பரவும் என்பதைக் கணினியே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொல்லும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லும் என்பதுதான் என் கேள்வி.

கணினியின் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் சேர்ந்திருந்த கிரீஸிலும் குப்பையிலும் பற்றிய நெருப்பு 31 பேரைக் கொன்றது. சின்ன நெருப்பு எப்படிச் சட்டென்று டிக்கெட் கூடத்துக்குள் பாய்ந்தது என்பது பிடிபடவில்லை. கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, தீ நிமிர்ந்து எழாமல் படிக்கட்டின் சரிவிலேயே படுத்துக்கொண்டு ஏறியது. கணக்கில்தான் பிழை என்று நிபுணர்களே சந்தேகப்பட்டார்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி கட்டிக் கொளுத்தினார்கள். தீ படுத்துக்கொண்டுதான் ஏறியது.

இன்று இந்த வேலைக்கு, அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உள்வெளியைச் சிறு கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் வெப்பம், புகை, காற்றின் திசை ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகிவிடும். அதனால் ஓரளவுக்கு மேல் நறுக்க முடியாது. கட்டத்தைவிடச் சிறிய ஓட்டையை நாமாகச் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

நான் முப்பது ஆண்டுகள் மின்பணி மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். பெங்களூரு அல்சூரில் ஒன்பது மாடி அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். கீழிருந்து உச்சிவரை கேபிள்கள் ஏறும் செங்குத்துச் சந்தான டக்டை ஒவ்வொரு தளத்திலும் தீத்தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வரைபடத்திலும் அடைத்துத்தான் இருக்கிறது. போன மாதம் ஏழாம் மாடியில் பேரனை நிறுத்தி, டக்டுக்குள் டார்ச் அடிக்கச் சொன்னேன். மூன்றாம் மாடியில் என் முகத்தில் வெளிச்சம் விழுந்தது! இணைய இணைப்புக் கொடுக்க வந்த பையன்கள் ஆளுக்கொரு துளை போட்டுக் கம்பியை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் நடந்தது இந்த ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. மின் டக்டில் கிளம்பிய புகை மாடிகளை நிறைத்தது. ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தார்கள். ஒன்பது உயிர்கள் போயின.

எங்கள் அடுக்ககத்தில் இளம் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அந்த மென்பொருளில் எங்கள் கட்டடத்தை வரைபடப்படியே ஏற்றி, டக்டில் தீ வைத்துக் காட்டினார். படிக்கட்டு பளிச்சென்று இருந்தது. சங்கக் கூட்டத்தில் கைதட்டல் வேறு. தம்பி, ஐந்தாம் மாடிப் படிக்கட்டுக் கதவு காற்றுக்காகச் செங்கல் முட்டுக் கொடுத்து எப்போதும் திறந்திருக்கிறதே, அதையும் என் துளைகளையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள் என்றேன். இரவு முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் படிக்கட்டு ஐந்தாம் மாடியிலிருந்து உச்சிவரை கறுத்திருந்தது. அதே மென்பொருள், அதே தீ.

ஆகவே, இத்தகைய அறிக்கையைக் கட்டுநர்கள் நீட்டும்போது, எந்தக் கதவு மூடியிருப்பதாக வைத்துக்கொண்டார்கள், எந்த ஓட்டையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து, கட்டடம் இருக்கிறபடியே இன்னொரு முறை ஓட்ட வேண்டும். உங்கள் கட்டுரையாளர் இதைப் பற்றியும் எழுதினால் நல்லது.

இரண்டாவது படத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். செங்கல் போய்விட்டது. டக்டை அடைக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் நேற்று வேறொரு இணைய நிறுவனத்துப் பையன் துளைபோடும் இயந்திரத்தோடு வந்து நின்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணி மேற்பார்வையாளர்,
அல்சூர், பெங்களூரு.