மரவட்டை குட்டி மாடு இல்லையப்பா

அன்புள்ள சொக்கு,

நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து பேச்சை மாட்டுப் பக்கம் திருப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

ஐப்பசி மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை. ஊருணி ததும்பி நிற்கிறது. பெரிய வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வீட்டில் பங்குள்ள பதினோரு புள்ளியும் (குடும்பமும்) சம்மதம் சொன்னால்தான் கொத்தனாரை ஏற்ற முடியும், ஒரு புள்ளி பினாங்கில், ஒரு புள்ளி சென்னையில், மற்றவர்கள் உள்ளூரிலேயே இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. விடு, அது நடக்கிறபோது நடக்கட்டும்.

மழை விட்ட மறுநாள் வளவு முற்றம் முழுக்க மரவட்டை. நாம் சின்ன வயதில் ரயில் பூச்சி என்று குச்சியால் தொட்டுச் சுருட்டி விளையாடுவோமே, அதேதான். உன் தங்கச்சி விளக்குமாற்றால் கூட்டிக் கூட்டிக் கொல்லையில் தள்ளுகிறாள், அவை சாயங்காலம் திரும்பி வந்துவிடுகின்றன. போன கார்த்திகைக்கு நீ வந்திருந்தபோது இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு குட்டி மாடுதான்டா, வயிற்றுக்குள் கிருமி வைத்திருக்கும், அது நார்ச்சத்தைப் புளிக்க வைத்துக் கொடுக்கும், இது உட்கார்ந்து சாப்பிடும்" என்றாய். நானும் தலையாட்டினேன். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன், பையன்களுக்கும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தப்பு போலிருக்கிறது. இருவரும் சேர்ந்தே தப்பு.

விஷயம் தெரிந்தது எப்படி என்றால், போன மாதம் எனக்குப் பல்லில் சீழ். டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார். பல் சரியானது, வயிறு போயிற்று. பழைய சோறும் மோருமாக ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். அப்போது செல்போனில் மேய்ந்துகொண்டிருந்தவன் கண்ணில் பட்டது, மரவட்டைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த கதை! செக் நாட்டு ஆய்வாளர்கள் செய்தது, 2024ல் வெளியானது. ஆப்பிரிக்காவின் எபிபோலஸ் புல்கிரிபெஸ் ஒன்று, தொட்டால் உருண்டையாகிவிடும் ஐரோப்பியக் குளோமெரிஸ் ஒன்று, இரண்டு இனத்திலும் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மருந்து கலந்த சருகு, சிலவற்றுக்குக் கிருமி நீக்கிய சருகு என்று போட்டிருக்கிறார்கள். குடலில் நுண்ணுயிர் குறைந்தது, போடுகிற புழுக்கையும் குறைந்தது. ஆனால் அதனால் பூச்சிகள் பெரிதாகச் சாகவில்லை, எடையும் பெரிதாக இறங்கவில்லை. என் வயிறு பட்ட பாட்டை நினைத்தால் மரவட்டை மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இதைக் கறையானோடு வைத்துப் பார். மரம் தின்னும் கறையான் இனங்கள் பலவற்றின் குடலில் ஒற்றைச்செல் உயிரிகள் இருக்கின்றன. அவற்றைக் கொன்றுவிட்டால் கறையான் வயிறு நிறைய மரத்தைத் தின்றுகொண்டே பட்டினியில் சாகும், இது 1920களிலேயே கிளீவ்லண்ட் என்ற அமெரிக்கர் காட்டியது. மரவட்டைக்கும் அதே கணக்கு என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

மீத்தேன் கதை இன்னும் வேடிக்கை. உன் மாடுகள் ஏப்பமாக விடுகிறதே, அதே வாயுவை வெப்பநாட்டு மரவட்டைகளும் விடுகின்றன. 1994ல் நெதர்லாந்தில் இரண்டு பேர் ஏகப்பட்ட பூச்சிகளைச் சோதித்து, மரவட்டை, கரப்பான், கறையான், சாண வண்டுக் குடும்பம் இவைதான் மீத்தேன் விடுகின்றன என்று எழுதினார்கள். மீத்தேன் வந்தாலே உள்ளே புளிப்பு நடக்கிறது, அப்படியானால் அது மாடுதான், என்று வாதம் ஓடியது. செக் ஆட்கள் அந்த மீத்தேனையும் ஒரு ரசாயனம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது. பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய தீனிக்குத் திரும்பியதும் வாயுவும் திரும்பி வந்துவிட்டது. அந்த ஐரோப்பிய உருண்டை மரவட்டையோ மீத்தேன் விடுவதே இல்லை, அதுவும் அதே சருகைத் தின்று நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது? சருகின் மேல் படர்ந்திருக்கிற பூஞ்சையையும் பாக்டீரியாவையும்தான் என்று கருதுகிறார்கள். இதைப் படித்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த பழைய சோற்றுச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. இலை விழுந்து, மழையில் ஊறி, கறுத்து, மெத்தென்றான பிறகுதான் மரவட்டை வாய் வைக்கும். நான் ஒரு ஊறுகாய் ஜாடியில் ஆறு மரவட்டையை விட்டுப் பார்த்தேன். பச்சை மா இலையைத் தொடவே இல்லை. தோட்டத்து மூலையில் ஊறிக் கிடந்த வாதுமைச் சருகைப் போட்டேன், நாலு நாளில் நரம்பு மட்டும் மிச்சம். வேலிக்கு அந்தப்பக்கத்துத் தைல மரத்துச் சருகைக் கடைசி வரை சீண்டவில்லை. மதுரைப் பக்கமெல்லாம் கூரை வீடுகளில் கொத்துக் கொத்தாகக் குடியிருக்குமே ஒரு மரவட்டை, செனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்று பெயர், அதற்கும் நனைந்து மக்கின கூரைதான் விருந்து.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மாடும் கடைசியில் நுண்ணுயிரைத்தானே செரிக்கிறது, முதல் இரைப்பையில் வளர்ந்த கிருமியெல்லாம் நாலாம் இரைப்பையில் புரதமாகிறதே என்பாய். சரிதான். ஆனால் மாடு வயிற்றுக்குள்ளேயே ஊற வைக்கிறது, மரவட்டைக்கு வெளியே மழையும் மண்ணும் ஊற வைத்துக் கொடுக்கின்றன. அதற்கு ஊற வைக்க உள்ளே இடமும் கிடையாது. பெரும்பாலான மரவட்டைகளின் குடல் வாயிலிருந்து கடைசி வரை நேர்க்குழாய், நம் வீட்டு முகப்பில் நின்றால் கட்டுக் கட்டாகத் தாண்டிக் கொல்லைக் கதவு தெரியுமே, அப்படி. உன் மாட்டுக்கு உள்ளது போலத் தொட்டி எதுவும் நடுவில் இல்லை.

மரவட்டைக் குடலின் கடைசிக் கட்டான பின்குடலில் குடித்தனம் ஏராளம், பாக்டீரியா, பூஞ்சை மாதிரி இழையாகச் சுவரில் ஒட்டியவை, நூற்புழுக்கள் கூட. இதில் எனக்கு மிகவும் பிடித்தது தோல் உரிக்கிற சங்கதி. பின்குடலின் உட்சுவரும் மேல்தோல் வகைதான், அதனால் மரவட்டை சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து கழன்றுவிடும், சுவரோடு ஒட்டியிருந்த குடித்தனம் மொத்தமும் தெருவில். பல மரவட்டைகள் உரித்த சட்டையைத் தானே தின்கின்றன, தன் புழுக்கையையும் தின்கின்றன, இலையும் மண்ணும் வேறு இருக்கிறது, இப்படியாக மறுபடி ஆள் சேர்ந்துவிடுகிறது. நம் பதினோரு புள்ளியை ஒரு தடவை இப்படிக் காலி செய்து குடியேற்றினால் ஓடு மாற்றிவிடலாம் என்று தோன்றியது, உன் தங்கச்சியிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

அதற்காகக் குடலில் இருப்பவை எல்லாம் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்று நான் சொல்லவில்லை. பூஞ்சையின் செல்சுவரை உடைப்பதிலும், இலையின் துவர்ப்பு நச்சுகளை முறிப்பதிலும் அவற்றுக்குப் பங்கிருக்கலாம் என்றுதான் கருதுகிறார்கள். மரவட்டை அவற்றை நம்பி மட்டும் இல்லை, அவ்வளவுதான். முப்பது வருஷத்துப் பையன்களில் யாராவது இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினால் பாதிப் பழி உனக்கு.

பிள்ளையார் நோன்புக்குக் கட்டாயம் வா, கருப்பட்டிப் பணியாரம் சுடச் சொல்லியிருக்கிறேன். வரும்போது உன் பழைய நுண்ணோக்கியை மறக்காமல் தூக்கிக்கொண்டு வா, ஜாடியில் ஒன்று நேற்று செத்துப் போயிற்று, எரிசாராயத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நூற்புழுக்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

உன்,
மெய்யப்பன்