நடுக்கோட்டுக்கு நேரான படிகளைப் பார்வையாளர்களுக்கே விடுங்கள்

நம் திடலில் ஆண்டுதோறும் கால்பந்துப் போட்டி நடத்தும் விழாக்குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். இறுதி ஆட்டத்தன்று நடு கேலரியில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழிருந்து எட்டுப் படிகளைக் கயிறு கட்டி மறித்ததும், அங்கே வெள்ளை உறை போட்ட நாற்காலிகளை அடுக்கியதும், அவற்றில் உட்கார வேண்டியவர்கள் எப்போது வந்தார்கள் என்பதும் உங்களுக்கே தெரியும். உங்கள் இடத்திலிருந்து தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1974-இல் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்து, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். தோட்ட அணியின் கோல்கீப்பர். இப்போது முட்டி மடங்காது, இடது கண்ணில் புரை. ஆனாலும் இந்தப் போட்டியை அவர் தவறவிட்டதில்லை. எங்கே உட்கார வேண்டும் என்பதில் அவருக்குக் கறாரான கணக்கு உண்டு: நடுக்கோட்டுக்கு நேராக, மேற்குப் பக்கம், ஏழாவது படி. மேற்கே உட்கார்ந்தால் மாலை வெயில் முதுகில் விழும், கண்ணில் விழாது. பெரிய விளையாட்டரங்குகளிலும் முதன்மை கேலரியை மேற்கில் கட்டுவது இதற்காகத்தான். முதல் இரண்டு மூன்று படிகளில் உட்கார்ந்தால் கோட்டோரம் நிற்பவர்கள் மறைப்பார்கள், யார் முன்னே யார் பின்னே என்பதும் புரியாது. ஏழாவது படியிலிருந்து பார்த்தால் பந்து இல்லாத ஆட்டக்காரன் எங்கே ஓடுகிறான் என்பதுகூடத் தெரியும். ஆட்டம் அங்கேதான் இருக்கிறது என்பார் அப்பா.

அந்த ஏழாவது படிக்காகத்தான் ஆளுக்கு 150 ரூபாய் கொடுத்து நடு கேலரி டிக்கெட் வாங்கினேன். ஓரத்து டிக்கெட் 80 ரூபாய்தான். மூன்று மணி ஆட்டத்துக்குப் பதினொன்றரைக்கே போய், கைத்தடியும் என் தோளுமாக அவரைப் படியேற்றி உட்கார வைத்தேன். இரண்டரை மணிக்குத் தொண்டர் ஒருவர் வந்தார், கல்லூரி வயதுப் பையன். "ஐயா, இது விருந்தினர் இடம். எதிர்ப்பக்க மூலைக்குப் போய்விடுங்கள்" என்றார். "டிக்கெட்டில் நடு என்றுதானே தம்பி போட்டிருக்கிறது?" என்று அப்பா கேட்டார். "மேலே சொல்லியிருக்கிறார்கள் ஐயா" என்றார் அவர். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் முகமே சுண்டிப்போயிருந்தது. ஏறிய படிகளில் அப்பாவை ஒவ்வொன்றாக இறக்கி, திடலைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போய் மறுபடியும் ஏற்றினேன். உட்கார்ந்தபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

முதல் பாதி முழுவதும் நேர் எதிரே வெயில். அப்பா கையைப் புருவத்தில் வைத்தபடியே பார்த்தார். இடைவேளை முடிந்ததும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. கார்த்திகையில் அது ஏறும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நடுவட்டத்தில் நின்ற நடுவருக்கு இரண்டு கோல் கம்பங்களும் தெரிந்தன, அதனால் ஆட்டம் தொடர்ந்தது. அதில் அவர் மேல் குறையில்லை. சர்வதேச அளவுத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நடுக்கோட்டின் நுனியில் இருப்பவருக்கு எந்தப் பக்கத்துக் கோலும் ஏறக்குறைய 63 மீட்டர்தான். கார்னர் கொடியருகே இருப்பவருக்கு எதிர்க் கோல் 110 மீட்டர். நம் திடல் அதைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் விகிதம் அதேதான். சமவெளியில் இந்த வித்தியாசம் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். மலையில், பனி இறங்கிய மாலையில், ஒருவர் ஆட்டத்தைப் பார்த்தாரா இல்லையா என்பதையே அது தீர்மானிக்கிறது.

கடைசி நிமிடங்களில் எதிர்க் கோலில் பெனால்டி கொடுத்தார்கள். எங்களுக்கு வெள்ளைத் திரைதான் தெரிந்தது. விசில் கேட்டது, பந்தை உதைத்த சத்தம் கேட்டது, பிறகு பெருங்கூச்சல். தடுத்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் பாய்ந்தான் அம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற மனிதர், அந்த ஆட்டத்தில் பார்க்க ஆசைப்பட்ட ஒரே காட்சி அது. அந்த நேரத்தில் நடு கேலரியின் எட்டுப் படிகளில் ஒருவர்கூட இல்லை. பரிசளிப்புக்குச் சற்று முன்புதான் கார்கள் வந்து நின்றன.

ஆகவே கேட்கிறேன்: நடுக்கோட்டுக்கு நேரான படிகளை, டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தவர்களுக்கே விடுங்கள். விருந்தினரை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஓரமாக ஒரு வரிசை ஒதுக்குங்கள். ஆட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் அவர்கள் வராவிட்டால் அதையும் திறந்துவிடுங்கள். நிழலுக்கென்று போட்ட சாமியானாவால், பின்படியில் இருந்தவர்களுக்குத் திடலின் பாதி தெரியவில்லை. அதையும் அடுத்த முறை மேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் காலியாக விட்ட இடத்துக்கும் சேர்த்து, ஓரத்து மரக் கேலரிகளில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பலகைகள் அசைந்ததை நான் காலடியில் உணர்ந்தேன். கூடலூரைத் தாண்டினால் வரும் மலப்புரம் மாவட்டத்தில், 2022 மார்ச்சில் பூங்கோடு ஊரில் செவன்ஸ் ஆட்டம் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) நடந்தபோது தற்காலிக கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். நம் கேலரியும் கம்பும் பலகையும் கயிறும்தான்.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் சேர்ந்து வருகிறது. மலையில் சமதளம் என்பதே அரிது. இருக்கிற ஒரு திடலையும் சீசன் வந்தால் சுற்றுலா வாகனங்கள் நிறுத்தக் கொடுத்துவிடுகிறோம். டயர் தடத்தில் தடுக்கித்தான் எங்கள் பிள்ளைகள் பந்து பழகுகிறார்கள். பெண்கள் பார்க்க வந்தால் ஒதுங்கக் கழிப்பறை இல்லை. ஊர்க்காரர்களுக்கென்று ஆண்டுக்கு ஒரு வாரம் கிடைக்கிறது. அந்த ஒரு வாரத்திலும் நல்ல இடம் வெளியிலிருந்து வருபவருக்கென்றால், இது யாருக்கான விழா?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் இரவெல்லாம் கண்விழித்து இந்தப் போட்டியை நடத்துகிறீர்கள், அதை நான் மறக்கவில்லை. பணிவாகவே கேட்கிறேன்: நடுப் படிகளைப் பார்வையாளர்களுக்கு விடுங்கள். படிகளில் எண் எழுதுங்கள், அந்த எண்ணை டிக்கெட்டில் போடுங்கள். எந்தப் படியிலிருந்து எது தெரியும் என்று ஒரு வரைபடத்தை டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள், அவரவர் பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும். முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் ஏறும் வழியை ஒட்டிப் பத்து இடங்கள் ஒதுக்கிக் கைப்பிடிக் கயிறு கட்டினால் போதும். எண் எழுத ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். பெயின்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளோடு நானே வருகிறேன். ஏழாவது படியின் எண்ணை அப்பா எழுதுவார்.

இப்படிக்கு,
நடு கேலரி டிக்கெட் வாங்கிய ஒருத்தி