கிராப்பெல்லி மாலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். மேடையில் சொல்ல மறந்த நன்றிகளை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் வயலின் ஆசிரியருக்கு. 1934இல் பாரிஸில் உருவான, கிராப்பெல்லி வாசித்த ‘ஹாட் கிளப்’ ஐவர் குழுவின் டிரம்ஸ் கலைஞரைப் புகழ்ந்து ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். “அந்தக் குழுவில் டிரம்ஸே கிடையாதே!” என்றார் அவர். மூன்று கிதார், ஒரு டபுள் பாஸ், ஒரு வயலின், அவ்வளவுதான். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, குழுவின் முதன்மைக் கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்குப் பின்னால் மற்ற இரண்டு கிதார்களும் தந்தியை அடித்த கையோடு அமுக்கி, ‘சக் சக்’ என்று தாளம் ஓட்டுவதைக் காதில் ஏற்றினார். நான் டிரம்ஸ் என்று நம்பியது அதைத்தான்! கிராப்பெல்லியின் வில் ஏன் அத்தனை லேசாக ஓடுகிறது என்பதும் அன்றுதான் விளங்கியது. டிரம்ஸ் சத்தத்தோடு மல்லுக்கட்டும் வேலை அவருக்கு இல்லை. என் பேச்சில் உருப்படியாக இருந்த பத்து நிமிடம் இதுதான், அதுவும் இரவல்.

கிராப்பெல்லியைப் பற்றிய பிரெஞ்சுப் பக்கங்களை வரிவரியாகச் சொல்லித் தந்த அக்காவுக்கு அடுத்த நன்றி. 1908இல் பிறந்த சிறுவன் தாயை இழந்து அனாதை இல்லத்தில் வளர்ந்ததும், பின்னாளில் தந்தை தன் உடுப்பை அடகு வைத்து அவனுக்கு வயலின் வாங்கித் தந்ததும் வரும் இடத்தில், வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார். அவன் தெருவில் வாசித்துக் காசு சேர்த்ததையும் மௌனப் படங்களுக்கு வாசித்ததையும் தேநீருக்குப் பிறகுதான் படித்தோம்.

ஒலிபெருக்கி இருமுறை மக்கர் செய்தபோது ஓடிவந்த தம்பிகளே, உங்களுக்கும் நன்றி.

கடைசி வரிசையிலிருந்து கேள்வி கேட்ட பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. 1939இல் போர் மூண்டதும் ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். 1953இல் ஜாங்கோ மறைந்தார். “அதற்குப் பிறகு இவர் என்னதான் செய்தார்?” என்றீர்கள். நான் அவசரமாகத் தாண்டிப் போன இடம் அது. 1970களில் மேற்கத்திய செவ்வியல் வயலின் மேதை மெனூஹினுடன் சேர்ந்து வாசித்ததை அப்போதுதான் சொன்னேன். நம் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்துடன் செய்த ஒலிப்பதிவைச் சொல்ல அப்போதும் மறந்தேன். 1997இல் 89 வயதில் இறந்தவரின் வாழ்க்கையை 1939உடன் முடிக்கப் பார்த்தது என் பிழை.

இசைத்தட்டுகளை இரவல் தந்தவருக்கு: ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். மூன்றாவது தட்டின் உறையில் ஒரு காப்பிக் கறை இருக்கிறது. அது நான் செய்ததுதான்.

அன்புடன்,
உங்கள் பேச்சாளன்