தண்ணீர் வந்த அன்று எடுத்த படம்

ஆனி 21, சனிக்கிழமை

அன்புள்ள ஒட்டடைக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கையெழுத்துகூடத் திருந்தியிருக்கிறது, இத்தனை வருடமும் கோளாறு கண்ணில்தான் இருந்திருக்கிறது போல. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, அடுப்படிப் பக்கம் போய் நிற்காதே. இதற்குமேல் புத்தி சொன்னால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

இங்கே பெரிய சேதி, பாப்பாவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. அக்கா மகள்தான். நீ கடைசியாகப் பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது பெங்களூரில் வேலை. பையனும் அங்கேதான், சொந்த ஊர் பவானி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறான், நான் முதல் நாளே விழுந்துவிட்டேன். அக்காவுக்குத்தான் அவ்வளவு தூரத்துச் சம்பந்தமா என்று யோசனை. "தூரம் என்னக்கா தூரம், அவங்க ஊரைத் தொட்டுட்டுப் போற தண்ணிதான் நாலஞ்சு நாள் கழிச்சு நம்ம படித்துறைக்கு வருது" என்றேன். முப்பது வருடம் ஆற்று மதகில் ஷட்டர் ஏற்றி இறக்கினவன் வேறு எப்படிச் சொல்வான்? வைகாசியில் நிச்சயம் முடிந்தது. ஆவணி வளர்பிறையில் கல்யாணம்.

கல்யாணம் என்றதும் நீ நம் ஊர்க் கல்யாணத்தை நினைப்பாய். மூன்று பந்தி, ரோட்டை அடைத்துப் பந்தல், யார் யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் இலையில் உட்காருவது. அது இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அறுபது பேர். மண்டபம் கிடையாது, அக்கா வீட்டு வாசலிலேயே கீற்றுப் பந்தல். பாப்பா கணக்குச் சுருக்கமானது: "பந்தியில உட்காருறவங்க ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியணும் மாமா, அவ்வளவுதான்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்காதான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஊர் என்ன சொல்லும் என்ற கவலை என்று நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் நிஜமான வலி பீரோவுக்குள் இருந்தது: மூன்று மொய் நோட்டு. அத்தான் இருந்தவரை ஒரு காதுகுத்தை விட்டதில்லை. எந்த ஊர், யார் வீடு, எவ்வளவு என்று மணிமணியான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். "அறுபது பேரைக் கூப்பிட்டா அறுபது மொய் வரும். இவ்வளவு வீட்டுக்குப் போட்டதுக்கு என்னடா வழி?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பேராவூரணிப் பக்கமாக இருந்தால் ஆடியில் தனியாக மொய் விருந்து வைத்து, கறிச்சோறு போட்டு, வாங்கவேண்டியதை வாங்கிவிடலாம். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லையே. கடைசியில் பாப்பா பிடிவாதம்தான் ஜெயித்தது. பத்திரிகையிலேயே மொய் வேண்டாம் என்று போட்டாயிற்று.

போட்டால் தீர்ந்ததா? போன வாரம் மேலத்தெருப் பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் எடுத்து வைத்தார். "என் மவன் கல்யாணத்துல உங்க வீட்டுக்காரரு நூத்தியொண்ணு எழுதினாரு. கூப்பிடாட்டிப் போவுது, கடனோட என்னை அனுப்பாதீங்க." அக்கா ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து, அத்தானின் வரிக்குப் பக்கத்தில் ஐந்நூற்றியொன்று என்று எழுதினாள். அப்புறம் வெற்றிலைத் தட்டையும் பத்திரிகையையும் கொண்டுவந்து நீட்டினாள். இப்படித்தான் அறுபது அறுபத்தேழாகி நிற்கிறது. பாப்பாவிடம் இன்னும் முழுக் கணக்கைச் சொல்லவில்லை.

சடங்கு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் கொஞ்சம் இழுபறி. பையனுடைய தாத்தா அந்தக் காலத்திலேயே ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்தவராம். 1967இல் சட்டம் வந்து அந்த மாதிரிக் கல்யாணமெல்லாம் செல்லும் என்று ஆனது, உனக்குத் தெரியும். நாங்கள் ஐயர், அம்மி, அருந்ததி என்று வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு சமாதானம்: நாதஸ்வரம், தாலி, மாலை, தாய்மாமன் பட்டம் கட்டுவது, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். பட்டம் என் உத்தியோகம் என்பதால் அதை வெட்ட நான் விடவில்லை. 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும், 2009ஆம் வருடச் சட்டம். அந்த வாரமே முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். சமையலுக்குத்தான் பெரும்பாடு. தவசிப்பிள்ளை, "நூறு இலைக்குக் குறைஞ்சா எனக்கு அளவே வராதுங்க, உப்பு கூடிடும்" என்கிறார். முகூர்த்தப் புடவை திருபுவனத்தில் எடுத்தாயிற்று. அக்கா ஆசைக்கு ஒரு கூறைப்புடவையும் உண்டு.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போட்டோ.

இந்தக் காலத்தில் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் பிள்ளைகள் இரண்டும் எங்கேயாவது போய்ப் படம் எடுத்துக்கொள்கின்றன. பாப்பா போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: பெரிய கோயில், தாராசுரம், தரங்கம்பாடி, மனோரா, முத்துப்பேட்டை. இடம் பார்த்து முடிவு செய்யக் கார் ஓட்டியது நான். ஜூன் முதல் வாரம், வெயில் எப்படி என்று கேட்காதே.

பெரிய கோயிலில் கால் வைக்க முடியவில்லை. மாப்பிள்ளை கருங்கல் தரையில் பதினோரு மணிக்குச் செருப்பில்லாமல் குதித்துக் குதித்து ஓடினான், பாவம். ஸ்டாண்டு போட்டுக் கல்யாணப் படம் எடுப்பதென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. அது போகட்டும், அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று. போட்டோக்காரத் தம்பிக்கு மாலை வெயிலில், மஞ்சள் வெளிச்சத்தில், விமானம் பின்னால் நிற்க, முன்வாசலில் எடுக்க வேண்டும். நான் சொன்னேன்: "தம்பி, கோயில் கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் சூரியன் விமானத்துக்குப் பின்னாலதான் போவும். முன்னாடி நிக்கிறவங்க மூஞ்சியெல்லாம் கறுப்பாத்தான் விழும். காலையில வா." ராஜராஜன் 1010இல் குடமுழுக்குச் செய்த நாளிலிருந்து அது கிழக்குப் பார்த்துத்தான் நிற்கிறது. தாராசுரத்துக்கும் இதே கதைதான். ஆனாலும் அங்கே ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தை மாப்பிள்ளைக்குக் காட்டினேன். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பத்து தடவை மறைத்து மறைத்துப் பார்த்தான். பாப்பா, "இதான் மாமா கல்யாணம்" என்றாள். யார் யானை என்று நான் கேட்கவில்லை.

தரங்கம்பாடியில் இதைவிட வேடிக்கை. கோட்டை மதிலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, பின்னால் கடலில் சூரியன் மறைய வேண்டுமாம்! பெங்களூரில் இருந்து இருந்து திசையே மறந்துவிட்டது பெண்ணுக்கு. "நம்ம கடல்ல சூரியன் வரும்டா, போகாது. வேணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிச்சுக் கிளம்பணும்" என்றேன். புடவை கட்டி, தலை பின்னி, பூ வைத்து ரெண்டு மணிக்கா? பட்டியலில் ஒரு கோடு. டேனிஷ்காரன் 1620இல் கட்டிய கோட்டை. 1845இல் வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கும் வெயில் தாங்கவில்லை போல. பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், பாதியைக் கடல் தின்றது போக மீதி. அக்கா தூரத்திலிருந்தே கும்பிட்டு, கல்யாணப் படத்துக்கு இடிந்த கோயிலா, வேண்டவே வேண்டாம் என்றாள்.

மனோரா மாப்பிள்ளைக்குப் பிடித்தது. நெப்போலியன் தோற்றதற்கு, வெள்ளைக்காரன் ஜெயித்த சந்தோஷத்தில், நம் தஞ்சாவூர் சரபோஜி எட்டு அடுக்குக் கோபுரம் கட்டினார் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கியோ சண்டைங்க, எங்கியோ கோபுரமுங்க." ஆனால் அங்கே எங்களுக்கு முன்னால் இரண்டு ஜோடி, ஆளுக்கொரு குடையும் பலூனுமாக, முறை வைத்து நின்றுகொண்டிருந்தது. பாப்பா காரைவிட்டு இறங்கவே இல்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வேண்டும். பட்டுப்புடவையோடு சேற்றுக்குள் இறங்க யாரும் தயாரில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மாப்பிள்ளை படித்துறையில் நின்று குடமுருட்டியைப் பார்த்தான். உனக்குத் தெரியாததா, அந்த மாதத்தில் அது ஆறா? மணல், நாணல், நடுவில் நாலு ஆடு, சிமெண்டு மூட்டைச் சாக்கு. "எங்க பக்கம் ஆறு இப்படிக் காயாதுங்க மாமா" என்றான் மெதுவாக. எனக்குச் சுருக்கென்றது. யாரோ நம் வீட்டுக்கு வந்து, அடுப்பு எரியவில்லையா என்று கேட்ட மாதிரி. "பத்து நாள் பொறுங்க மாப்பிள்ளை. இடத்தை நீங்க பார்த்தாச்சு, தேதியை நான் பார்க்கிறேன்" என்றேன்.

போன வருடம் ஜூலை 28 வரை மேட்டூர் கதவு திறக்கவில்லை. இந்த வருடம் சொன்ன மாதிரி ஜூன் 12 அன்றே திறந்தார்கள். மூன்றாம் நாள் கல்லணை. அன்றிலிருந்து என் போன் சும்மா இருக்கவில்லை. இன்னும் வேலையில் இருக்கிற பழைய லஸ்கர்கள், அதாவது மதகுக் காவல்காரர்கள், ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, தண்ணீர் எந்த மதகு தாண்டியது, எங்கே தேங்கி நிற்கிறது என்று கூட்டிக் கழித்தேன். மறுநாள் பகல் இரண்டிலிருந்து நாலுக்குள் நம் துறைக்கு வரும் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பெங்களூரிலிருந்து வரவழைத்துவிட்டேன். ரிட்டயராகி ஆறு வருடம் ஆகிறது. கணக்குத் தப்பினால் மானம் போகும். காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மணி. பாப்பா அரக்குப் புடவையில், மாப்பிள்ளை வேட்டியில், மணலில் நின்றார்கள். படித்துறையிலிருந்து பத்து எட்டுக்கு மேல் போகக்கூடாது, கணுக்காலைத் தொட்டதும் மேலே ஏறிவிட வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருந்தேன். மேலே யார் எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவான் என்று சொல்ல முடியாது இல்லையா.

முதலில் மடையான்தான் வந்தது. அப்புறம் கொக்கு. நம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, அதேதான். வளைவுக்கு அந்தப் பக்கம் மணல் நிறம் மாறுகிற மாதிரி இருந்தது. முதல் தண்ணீர் ஓடி வராதுடா, ஊர்ந்துதான் வரும். நுனியில் நுரை, சருகு, ஆட்டுப் புழுக்கை. அதற்கு முன்னால் எறும்பும் பிள்ளைப்பூச்சியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, பின்னாலேயே பறவை கொத்திக்கொண்டு வருகிறது. காய்ந்த மணல் குடிக்கிற சத்தம் கேட்டது, பொசபொசவென்று. குழி குழியாகக் குமிழி வந்து உடைந்தது. பள்ளத்தில் இறங்கி நிரம்பும்வரை நின்று, விளிம்பு வழிந்து, அடுத்த பள்ளம். மாப்பிள்ளை கேமராவை மறந்து குனிந்துவிட்டான். போட்டோக்காரத் தம்பி, "சார், இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கத்துகிறான். அக்கா படியில் நின்று ஒரு கை நெல்லும் பூவும் தூவிச் சூடம் ஏற்றினாள். நான் மணியைப் பார்த்தேன், மூன்று இருபத்தைந்து. யாரும் என்னைப் பாராட்டவில்லை, எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் ஒரே ஒரு குறை. இரண்டு பேர் காலுக்கும் நடுவில், சரியாக அந்த நேரம் பார்த்து, ஒரு நீல ரப்பர் செருப்பு மிதந்து வந்து நின்றது. ஒற்றைக் கால். எந்த ஊரில் யார் விட்டதோ. தம்பி கம்ப்யூட்டரில் செருப்பை எடுத்துவிட்டு, கலங்கல் தண்ணீரையும் நீலமாக்கி அனுப்பியிருந்தான். பாப்பாவுக்கே அது பிடிக்கவில்லை. "இது நம்ம ஆறு மாதிரியே இல்ல மாமா" என்று பழைய படத்தையே கேட்டு வாங்கினாள். பத்திரிகைக்கு அட்டையில் எது என்பதில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, செருப்பு இல்லாததுதான். நான் செருப்போடு இருப்பதை ஒரு காப்பி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்.

அறுபத்தேழில் நீயும் உன் வீட்டுக்காரியும் சேர்த்தி. உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை தஞ்சாவூர், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். மகனும் மருமகளும் வருவார்களா என்று மட்டும் உடனே எழுது. அவர்கள் வந்தால் அறுபத்தொன்பது. தவசிப்பிள்ளை தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார், பாப்பாவிடமும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
மதகு