அந்த பாட்டிலைத் திறக்க வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தை நானே படித்தேன். மகள் குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிறாள் என்றதும் மனசெல்லாம் நிறைந்துவிட்டது.

அப்புறம் நீ கடிதத்தோடு அனுப்பிய அந்த மாத்திரை விளம்பரத் தாள். உன் வீட்டுக்காரர் இன்னும் சிகரெட்டை விடவில்லை, நுரையீரலுக்கு நல்லதென்று அந்த மாத்திரையை வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கொடுத்துவிடாதே. அதில் பீட்டா கரோட்டின் என்கிற, காய்கறி பழங்களில் இருக்கும் சத்து ஏராளமாக இருக்கிறது.

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக வருகிறதே, இந்தச் சத்துதான் காரணமோ என்று ஆராய்ச்சியாளர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, யாருக்குச் சத்து மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது!

ரத்தத்தில் சத்து ஏறுவதாக அந்தத் தாளில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்களே, அது உண்மையாகவே இருக்கலாம். பின்லாந்து ஆண்களின் ரத்தத்திலும் அது பல மடங்கு ஏறத்தான் செய்தது. ஏறியதைக் காட்டுகிறவர்கள், நோய் குறைந்ததா என்று மட்டும் சொல்வதே இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். டாக்டர் கோட்டு போட்டவர் படம், குணமானவர் கடிதம் இதையெல்லாம் நீ கண்டுகொள்ளவே வேண்டாம்.

அதற்காக மாத்திரை எல்லாமே வீண் என்று நினைத்துவிடாதே. உன் மகளுக்கு ஃபோலிக் அமிலம் என்கிற பி வைட்டமின் கட்டாயம் வேண்டும். 1991-இல் வெளியான ஒரு சோதனை, முந்தைய கர்ப்பத்தில் குழந்தைக்கு நரம்புக்குழல் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல்) சரியாக மூடாத குறைபாடு ஏற்பட்டிருந்த பெண்களிடம் நடந்தது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. குறை வந்ததா இல்லையா என்பதையே நேராக எண்ணியிருக்கிறார்கள் பார். கருத்தரித்து நாலு வாரத்துக்குள் அந்தக் குழல் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. அதனால் இப்போதிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல். அவளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரரிடம் சொல்ல உனக்குத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே போனில் பேசுகிறேன். சிகரெட்டை நிறுத்த நிக்கோட்டின் சூயிங்கமும், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையும் உதவுவது சோதனைகளில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதையும் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
உன் தோழி