கை நிறையச் சம்பளமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் நான் குடியிருக்கும் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரம் வந்திருந்தது. சந்தோஷம். ஆனால் "அந்தக் காலத்து வடகடல் மீனவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; பெரிய கப்பல், கை நிறையச் சம்பளம்" என்ற வரியோடு இதழை மூடிவிட்டேன். வறுத்த மீன் நன்றாக இருந்ததென்று பாதிப் பக்கம் எழுதியவர், அதைப் பிடித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் வாழ்க்கைப்பட்டது டிராலர்காரர் குடும்பத்தில்; டிராலர் என்றால் வலையை இழுத்துக்கொண்டே போகும் மீன்பிடிக் கப்பல். மாமனார், அவர் தம்பி, அவர்களின் அப்பா எல்லோரும் ஐஸ்லாந்துக்கும், நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலுக்கும் போனவர்கள். மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. அந்த மூன்று நாள் செலவைப் பார்த்துத்தான் ஊர் கண் வைத்தது. மீன் குறைந்தால் பங்கும் குறையும். பூட்ஸ் முதல் படுக்கும் மெத்தை வரை சொந்தக் காசு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

அங்கே தெறிக்கும் தண்ணீர் கம்பியிலும் கொடிமரத்திலும் அப்படியே உறைந்துவிடும். மேல்பாரம் ஏறினால் கப்பல் கவிழும் என்பதால் ராத்திரி பகல் பார்க்காமல் கோடரியால் வெட்டித் தள்ள வேண்டும். மாமனாருக்கு இடது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்காது. டீக் கோப்பையை உள்ளங்கையில்தான் ஏந்துவார். ஆள் கிளம்பும் நாளில் துணி துவைத்தால் கடல் அவரை அடித்துப் போய்விடும் என்பது ஹல்லில் மீனவர்கள் குடியிருந்த ஹெஸ்ஸில் சாலைப் பெண்களின் பயம். என் கணவர் லண்டனுக்கு ரயில் ஏறினாலும் மாமியார் வாஷிங் மெஷினைத் தொட விடமாட்டார்.

அப்புறம், "1968இல் மூழ்கிய கப்பல்" என்கிறீர்கள். ஒன்றல்ல, ஹல்லின் டிராலர்கள் மூன்று: செயின்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாந்து. ஒரு மாதத்துக்குள் 58 உயிர். செயின்ட் ரொமானஸில் ரேடியோ ஆபரேட்டரே கிடையாது. இது என்ன நியாயம் என்று 10,000 கையெழுத்து வாங்கி, லண்டன் போய் மந்திரிகளை உட்காரவைத்துப் பேசியவர் ஹெஸ்ஸில் சாலைப் பெண் லிலியன் பிலோக்கா. பாதுகாப்பு விதிகள் வந்தன. அவருக்கு வேலை போனது, வசைக் கடிதங்கள் வந்தன. தாங்கள் அவர் படத்தைப் போட்டு, கீழே "ஸ்கார்ஃப் கட்டிய உள்ளூர்ப் பெண்மணி" என்று கௌரவித்திருக்கிறீர்கள்!

ஏப்ரல் பிறந்தால் டைட்டானிக்குக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. 1976இல் ஐஸ்லாந்தோடு மீன்பிடி உரிமைத் தகராறு முடிந்து, பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அந்தக் கடல் கைவிட்டுப் போனபோது, இவர்களெல்லாம் தற்காலிகக் கூலிகள் என்று சொல்லிப் பைசா தராமல் அனுப்பினார்களே, அதற்கு ஒரு பெட்டிச் செய்தி உண்டா? நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது 2000இல். மாமனாரின் அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் போன வருடமே எழுதினேன். நாலு வரியாக நறுக்கி, "வாசகி, ஹல், அமெரிக்கா" என்று போட்டீர்கள்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் மூன்று கப்பல் என்று ஒரு திருத்தம், அந்தப் படத்துக்கு லிலியன் பிலோக்கா என்று பெயர். இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் வாசகி,
ஹல், இங்கிலாந்து